வரிசை மட்டும்

மேலாளர் அந்த வேலையை அவள் தலையில் கட்டியபோது காலை பதினொரு மணி. கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

"பதினேழு ஹெடர் இருக்கு," என்றார் மேலாளர். "எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யுது. ஒண்ணாக்கிடுங்க."

"ஒரே வேலைதான் செய்யுதுன்னு யார் சார் சொன்னது?"

"உள்ள இருக்கற மேக்ரோ பேரு ஒண்ணுதானே?"

"பேரு ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன? ரெண்டு வாரம் எடுத்துக்கோங்க. வேற யாரும் தொட மாட்டேங்கிறாங்க."

பதினான்கு வருஷமாக, வேறு யாரும் தொடாதவை எல்லாம் அவளிடம்தான் வந்து சேர்ந்தன. அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டடை என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராக. இப்போது அவளே தொலைபேசியை எடுத்து, "ஒட்டடைதான் பேசுறேன்," என்று சொல்லும் அளவுக்கு அது பழகிவிட்டது.

அவர்கள் செய்தது குளிர் அறைகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகை. மருந்துகளை வைக்கும் குளிர் அறைகள். பலகை ஒரு கையகலம்தான். அதில் வெப்பம் பார்க்கும் ஒரு கம்பி, விசிறி, கதவுப் பூட்டு, வெப்ப அளவைக் காட்டும் திரை, சைரன் என்று முப்பத்தொன்பது உறுப்புகள் வந்து சேரும். ஒவ்வொன்றையும் இயக்க ஒரு சின்ன நிரல். அதற்குப் பெயர் டிரைவர். ஒவ்வொரு டிரைவரின் கடைசியிலும் ஒரே ஒரு வரி இருக்கும். நான் இருக்கிறேன், என் பேரைப் பதிந்துகொள், நேரம் வந்ததும் எழுப்பு என்று சொல்கிற வரி. விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைப் போல. பலகைக்கு மின்சாரம் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள்.

அந்த வரி வெறும் சுருக்கெழுத்து, அதற்குப் பெயர் மேக்ரோ. அதன் பொருள் வேறு இடத்தில், ஹெடர் கோப்பில் இருக்கும். கோப்பின் தலையில் எந்த ஹெடரை அழைக்கிறோமோ அதிலுள்ள பொருள் கீழேயுள்ள வரிக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் ஒரே ஹெடர்தான் இருந்தது. பிறகு யாருக்கோ ஓர் அவசரம். அதை நகலெடுத்துத் தனக்கு வேண்டியபடி திருத்திக்கொண்டான். அடுத்தவனுக்கு இன்னோர் அவசரம். பதினேழு பேர், பதினேழு அவசரம். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க எல்லாரும் மறக்காமல் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வேறு எவனாவது இதற்குப் பொருள் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறக்கவில்லை, அவன் சொன்னதே இருக்கட்டும்.

நல்ல மரியாதை, என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு தாளை எடுத்து ஒன்றிலிருந்து பதினேழு வரை எண் போட்டாள். கண் எரிந்தது. சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவாள். வாரத்தில் மற்ற வேளையெல்லாம், தான் சமைத்ததைத் தானே சாப்பிட்டாள், அல்லது சாப்பிடாமல் விட்டாள். மாடியில் ஓர் அறை, ஒரு சன்னல், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அந்த அறையில் பேச ஆள் இல்லை. அக்கா வீட்டில் பேசாமல் இருக்க விடமாட்டார்கள்.

"இந்த வாரம் என்னடீ வேலை?" என்றாள் அக்கா.

"டிரைவர் பதிவு. சிதறிக் கிடக்கு. ஒழுங்குபடுத்தணும்."

"லைசென்ஸ் ஆபீஸ்ல சேந்துட்டீங்களா சித்தி?" என்றாள் அக்கா மகள்.

"அந்த டிரைவர் இல்லடீ."

"எந்த டிரைவரா இருந்தா என்ன," என்றாள் அக்கா மகளிடம், "உங்கப்பாவுக்கும் ஒரு லைசென்ஸ் வாங்கித் தரச் சொல்லு. மனுஷன் எதையாவது ஓட்டட்டும்."

அத்தான் சிரித்தார். சாப்பாட்டு மேசையில் அவர் பங்கு அதுதான். அக்கா எதையாவது சொல்வாள், அவர் சிரிப்பார்.

அடுப்பில் பால் இருந்தது. அக்கா அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். எழுந்து போனவர், போகிற வழியில் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் தடவை இழுத்தார். மூன்றாம் தடவை இழுத்துக்கொண்டிருந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"பாத்துக்கோங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்," என்று அக்கா உள்ளே ஓடினாள். "உங்களை நம்பி எதை விட்டாலும் இதே கதி. அலாரம் மட்டும் அடிக்கவே அடிக்காது."

மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையாவதா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் அலாரம் என்ற சொல் அப்படித்தான் புழங்கியது. கடிகாரம் நின்றுபோனால், மழைக்கு முன் துணியை எடுக்க மறந்தால், மகள் பள்ளிக்குப் பிந்தினால், அலாரம் அடிக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அத்தானும் அதே அலுவலகத்தில்தான் இருந்தார். அவளை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். சைரன் டிரைவர் அவர் எழுதியது. ஒரு விடுமுறை நாளில் ஒரு குளிர் அறையில் விசிறி நின்றுபோனது. வெப்பம் ஏறியது. சைரன் கத்தவில்லை. மறுநாள் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்த மருந்து மொத்தமும் வெந்நீர் மாதிரி இருந்தது என்றார்கள். அதைக் கொட்டுவதற்கு ஒரு லாரி வந்தது.

விசாரணை வைத்தார்கள். சைரன் டிரைவர் எழுந்திருக்கவே இல்லை என்று பலகையின் குறிப்பில் பதிவாகியிருந்தது. யார் எழுதியது? அத்தான். அவர் தன் கோப்பை மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "என் ஃபைல்ல ஒண்ணும் இல்லை," என்றார். யாரும் நம்பவில்லை. நான்காவது வாரம் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார்.

இப்போது பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் ரிமோட் பழுதுபார்த்தார். சாவியும் போட்டுக்கொடுத்தார்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"எந்தெந்த ஹெடரும்மா?"

"எல்லாமே அத்தான். பதினேழும்."

"பதினேழா ஆயிடுச்சா? நான் இருந்தப்போ பதினொண்ணு." தட்டைத் துடைத்தார். "சைரனும் வருமா அதுல?"

"வரும்."

"என் ஃபைல் இன்னும் இருக்கா?"

"இருக்கு. யாரும் தொடலை."

"பாக்கறப்போ… சும்மா சொல்றேன்… என்ன தப்புன்னு கண்ணுல பட்டா சொல்லு. இப்போ தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்லை. ஆனா தெரிஞ்சா போதும்."

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

*

முதல் வாரம் முழுவதும் எண்ணுவதில் போனது. முப்பத்தொன்பது டிரைவர். ஒவ்வொன்றின் தலையிலும் எத்தனை ஹெடர், எது முதலில், அதனால் எந்தப் பொருள் ஒட்டுகிறது. ஒன்று "முதலில் எழுப்பு" என்றது. ஒன்று "எப்போதாவது எழுப்பு" என்றது. ஒன்று "விசிறி எழுந்த பிறகு எழுப்பு" என்றது. ஒன்று எழுப்புவதைப் பற்றியே பேசாமல் பெயரை மட்டும் பதிந்துகொண்டது. எழுதியவன் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தான்.

அவள் ஒரே ஹெடர் எழுதினாள். அதில் மேக்ரோவுக்கு இரண்டு கேள்விகள். உன் பேர் என்ன? யாருக்குப் பிறகு எழுந்திருப்பாய்? பதில் சொல்லாவிட்டால் நிரல் கட்டப்படவே கட்டப்படாது, பலகையில் ஓடும் வடிவத்துக்கே வராது. யார் முதலில் வந்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒவ்வொரு டிரைவருக்கும் பதிலை அவளே எழுத வேண்டியிருந்தது. சைரன் கோப்பைத் திறந்தபோது, உச்சியில் அத்தான் எழுதிவைத்திருந்த குறிப்பு கண்ணில் பட்டது. "இது யாருக்காகவும் காத்திருக்காது." அவர் பேசுகிற மாதிரியே இருந்தது. எந்தப் பொருள் ஒட்டுகிறது என்று அதில் மட்டும் அவள் தேடிப் பார்க்கவில்லை. குறிப்பை நம்பினாள். பேர், சைரன். யாருக்குப் பிறகு, யாருக்குப் பிறகும் இல்லை.

கோப்பைக் கீழேவரை படித்தாள். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. மூடினாள். அன்று முப்பத்தோராவது கோப்பு அது. முதுகு விண்விண் என்று தெறித்தது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை சோதனைக்காரர் அவள் மேசைக்கு வந்தார். அவள் வயதுக்காரர். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டி, இரண்டும் ஒன்றுபோல நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. காதில் பஞ்சு வைத்திருந்தார். சைரனைச் சோதிக்கிற நாளில் அவர் எப்போதும் பஞ்சோடுதான் திரிவார்.

"ஒட்டடை, உன்னுது தேறலை."

"எதுல?"

"சைரன்ல."

"கத்தலையா?"

"என்னது?"

"பஞ்சை எடுய்யா. கத்தலையான்னு கேட்டேன்."

அவர் ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தார். "உன்னுது கத்துது. பழசுதான் கத்தலை."

"அப்போ பழசுதானே தப்பு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு எனக்கு உத்தரவு. பழசு மாதிரி உன்னுது இல்லை. அதனால உன்னுது தப்பு."

"பழசு எப்பவும் கத்துமே. மாசாமாசம் சோதிக்கிறியே நீ?"

"திரை இருந்தா கத்தும். இன்னைக்குத் திரை இல்லை. பக்கத்து டீம்காரன் சொல்லாம தூக்கிட்டுப் போயிட்டான். சரி, சைரனுக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம்னு ரெண்டையும் திரை இல்லாமலே ஓட்டினேன்." மறு காதிலும் பஞ்சை எடுத்தார். "சம்பந்தம் இருக்கும்போல."

அவள் எழுந்து அவரோடு போனாள். மேசையில் இரண்டு பலகைகள். இரண்டு சைரன் வாயிலும் பசைநாடா ஒட்டியிருந்தது. அவர் வெப்பக் கம்பிகள் இரண்டையும் எடுத்து ஒரு சூடான தேநீர்க் கோப்பைக்குள் போட்டார். இடப்பக்கப் பலகை பசைநாடாவையும் மீறி அலறியது. வலப்பக்கம், பழையது, சும்மா இருந்தது. அதன் பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்தது.

குளிர் அறையில் கெட்டுப்போனது விசிறி மட்டும் இல்லை என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. திரையின் கம்பியும் பிடுங்கிக் கிடந்தது. விசாரணையில் அது ஒரு வரியாக வந்தது. துப்புரவு செய்தவர்கள் வாளியை இழுத்தபோது அறுந்திருக்கலாம் என்றார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சைரனுக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம்?

அவள் தன் இடத்துக்குத் திரும்பி, சைரன் கோப்பின் தலையை மட்டும் பார்த்தாள். இரண்டு ஹெடர்கள். முதலில் இருந்தது சின்னப் பேர், பொதுச் சாதனங்களுக்கானது. அடுத்தது நீளப் பேர், பாதுகாப்புச் சாதனங்களுக்கானது. சின்னதைத் திறந்தாள். அதன் பொருள், "திரை எழுந்த பிறகு எழுப்பு." நீளமானதைத் திறந்தாள். "உடனே எழுப்பு." சின்னது முதலில் வந்ததால் நீளமானது வாயைத் திறக்கவில்லை.

அத்தான் இப்படி எழுதியிருக்கமாட்டார்.

ஒவ்வொரு கோப்பும் யாரால், எப்போது, எதற்காக மாறியது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை எடுத்தாள். குளிர் அறைச் சம்பவத்துக்கு நான்கு மாதம் முந்தைய தேதி. டிரைவர்களும் மற்றவையுமாக நாற்பத்திரண்டு கோப்புகளில் ஒரே மாற்றம். காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: "வரிசை மட்டும். வேறு மாற்றம் இல்லை."

பக்கத்தில் அவள் பேர்.

அந்த மத்தியானம் அவளுக்கு நினைவிருந்தது. ஒரு கூட்டத்துக்காகக் காத்திருந்தாள். கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. சும்மா இருக்கப் பிடிக்காமல் கோப்புகளின் தலையில் கிடந்த ஹெடர் வரிகளைக் குட்டையிலிருந்து நெட்டைக்கு அடுக்கினாள். அது அவள் பழக்கம். பள்ளியில் காலை வணக்கத்துக்குப் பிள்ளைகளை நிற்க வைப்பதுபோல, குட்டைகள் முன்னால், நெட்டைகள் பின்னால். கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். அந்த அலுவலகத்தில் வேறு யாரும் அப்படி அடுக்குவதில்லை. கையெழுத்துப் போட்ட மாதிரி.

விசாரணையின்போது அத்தான் இந்த மாற்றத்தையும் பார்த்திருந்தார். மேசைக்கு வந்து கேட்டார். "நீ ஏதோ மாத்தியிருக்கியே, என்னம்மா அது?"

"வரிசை மட்டும்தான் அத்தான்."

"அதானே," என்று போய்விட்டார்.

அவள் பொய் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

*

பழையதும் புதியதும் வேறுபட்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்று கட்டங்கள். என்ன வித்தியாசம். ஏன். யாருடைய மாற்றத்தால். மூன்றாவது கட்டம் அத்தான் விவகாரத்துக்குப் பிறகு சேர்த்தது. இனி யாரும் தப்பிக்கக் கூடாது என்று.

முதல் இரண்டையும் நிரப்பி, அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரு பக்கமும் தேய்த்துக்கொண்டார்.

"உட்காருங்க."

"பரவாயில்லை சார்."

"உட்காருங்கம்மா. எனக்குக் கழுத்து வலிக்குது."

உட்கார்ந்தாள்.

"இப்போ வெளியில இருக்கற மிஷின் எல்லாத்துலயும் இது இருக்கு. அதானே?"

"ஆமா."

"எல்லாத்துக்கும் புதுசை அனுப்பிடலாம். இந்த வாரமே. வழக்கமான அப்டேட்னு போட்டு அனுப்புவோம். நாளைக்கு எவன் எந்தக் கம்பியைப் பிடுங்கினாலும் சைரன் கத்தும். சரியா?"

"சரி."

"அப்போ மூணாவது கட்டம் யாருக்கு வேணும்? பழைய குறைன்னு போடுங்க. எல்லாரும் அதைத்தான் போடறாங்க. நான் யாரையும் கேட்டதில்லை."

அவள் காலியாக இருந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள்.

"ஆறு வருஷம் ஆச்சு. உங்க அத்தான் ஏதோ கடை வச்சிருக்காரு, நல்லாத்தானே இருக்காரு?"

"ரிமோட் ரிப்பேர் பண்றாரு."

"பாருங்க, அந்த விசாரணையில நானும்தான் கையெழுத்துப் போட்டேன்." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. "உங்களை மட்டும் கூப்பிட்டுக் கேக்கமாட்டாங்க. என்னையும் கேப்பாங்க. எனக்கு ரிட்டயராக இன்னும் மூணு வருஷம் இருக்கு. நான் மிரட்டல. களைச்சுப் போயிருக்கேன், அவ்வளவுதான். நீங்களும்தான்."

அது உண்மை. இடத்துக்கு வந்து மூன்றாவது கட்டத்தில் "பழைய குறை" என்று தட்டினாள். இரண்டே சொல். தட்டியதும் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. அனுப்பு என்ற பொத்தான் கீழே காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடலாம். அத்தான் பக்கத்தில் வந்து கேட்பார். ஒன்றும் கண்ணில் படவில்லை என்று சொல்லலாம். சரி என்பார். தட்டை மறுபடி துடைப்பார்.

பழைய குறை. அதுவும் பொய் இல்லை. வரிசை மட்டும் என்பது போலவே.

அவள் அந்த இரண்டு சொல்லையும் அழித்தாள். தன் பேரைப் போட்டாள். மாற்றத்தின் தேதியைப் போட்டாள். "ஹெடர் வரிகளை நீளத்தின்படி அடுக்கியதால் சைரன் திரைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. சைரன் கோப்பை எழுதியவர் எழுதியது சரி. குளிர் அறைச் சம்பவத்துக்குக் காரணம் இந்த மாற்றம்," என்று எழுதினாள். ஒரு முறை படித்தாள். அனுப்பினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ தொலைபேசினார்.

*

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் அத்தானின் கடைக்குப் போனாள். வெயில் சாய்ந்து கடைக்குள் பாதிவரை வந்திருந்தது. அவர் கையில் ஒரு ரிமோட் வாய் பிளந்து கிடந்தது. முன்னால் ஓர் ஆள் முழங்கையை ஊன்றி நின்றிருந்தான்.

"வாம்மா. இந்நேரத்துல?" என்றவர் அந்த ஆளிடம், "ஒரு நிமிஷம்," என்றார்.

"அண்ணே, நல்லாத்தான் இருக்கு, குடுங்க. ரெண்டு தடவை அழுத்திப் பாத்துட்டீங்க."

"மூணாவது தடவை பாத்துட்டுத் தர்றேன்."

"வீட்டுல போய் நான் பாத்துக்க மாட்டேனா?"

"அங்கே வேலை செய்யலைன்னா யாரைக் கேப்பே?"

அழுத்தினார். சுவரிலிருந்த சிவப்பு விளக்கு மூன்றாவது தடவையும் எரிந்தது. மூடியை மாட்டிக் கொடுத்தார். அந்த ஆள் போனதும் அவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அவள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். ஒன்று ஆறு வருஷத்துக்கு முந்தைய மாற்றம். இன்னொன்று நேற்றைய படிவம்.

"கண்ணுல பட்டா சொல்லச் சொன்னீங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்தார். முதல் தாளை வெயிலில் பிடித்துப் படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. சைரன் கோப்பு வந்த இடத்தில் நின்றது. இரண்டு ஹெடர் வரிகள். முன்பு நீளமானது மேலே. பின்பு சின்னது மேலே.

அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சின்னதுல என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"திரை எழுந்த பிறகு."

"திரைக் கம்பி அறுந்திருந்தது."

"ஆமா."

தலையை மெதுவாக ஆட்டினார். "அப்போ என் ஃபைல்ல ஒண்ணும் இல்லை."

"இல்லை அத்தான்."

"ஒண்ணுமே இல்லை."

"இல்லை."

வெளியே ஒரு பேருந்து வந்து நின்று, புகை கக்கிவிட்டுப் போனது. அவர் இரண்டாவது தாளைப் படித்தார்.

"ஆறு வருஷம்டீ," என்றார். அவளை அவர் டீ போட்டுப் பேசியதே இல்லை. "ராத்திரி படுத்தா அந்த ஃபைல்தான் ஓடும். மனப்பாடம். இருநூத்துப் பத்து வரி. எந்த வரின்னு தேடித் தேடி… கதவைச் சாத்தினா சாத்தினதை நம்ப முடியலை. கேஸை மூடினா மூடினதை நம்ப முடியலை."

"மன்னிச்சிடுங்க அத்தான்."

"உன்கிட்ட வந்து கேட்டேன்."

"கேட்டீங்க. வரிசை மட்டும்னு சொன்னேன்."

"சொன்னே. நானும் சரின்னுட்டேன். அந்தப் பதினொரு ஹெடர்ல ரெண்டு நான் போட்டதுதான். யார் முதல்ல வர்றாங்களோ அவங்க சொன்னதுதான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தோணலை." கண்ணாடியைக் கழற்றினார். "தோணலைங்கறது வேற எரியுது."

அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் மை படிந்திருந்தது.

"இதனால உனக்கு என்ன ஆகும்?"

"தெரியலை. திங்கட்கிழமை மேல கூப்பிட்டிருக்காங்க."

"ம்."

"அக்காகிட்ட நான் வந்து சொல்லிடறேன். இன்னைக்கே."

"வேணாம்." அவர் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "நான்தான் சொல்லுவேன். ஆறு வருஷம் அவ சொன்னதையெல்லாம் நான் கேட்டேன். இன்னைக்கு ஒரு நாள் நான் சொல்றதை அவ கேக்கட்டும். பாலை அடுப்புல வச்சுட்டுக் கேக்கட்டும்."

அவள் சிரித்திருப்பாள். அவர் சிரிக்கவில்லை.

"நீ கொஞ்ச நாள் வராதேம்மா."

"ஞாயித்துக்கிழமை?"

"இந்த ஞாயிறு வேணாம். அடுத்ததும் வேணாம்." திறந்து கிடந்த இன்னொரு ரிமோட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் பாக்கலாம். நானே சொல்லியனுப்பறேன்."

"சரி அத்தான்."

எழுந்தாள். ஸ்டூலை இருந்த இடத்துக்கே நகர்த்தி வைத்தாள். கடைப் படியை விட்டு இறங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இப்பவும் குட்டையிலேருந்து நெட்டைக்குத்தான் அடுக்கறியா?"

அவள் திரும்பினாள். அவர் ரிமோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை. ஹெடர் இப்போ ஒண்ணே ஒண்ணுதான். அடுக்க ஒண்ணும் இல்லை."

"யார் முதல்லன்னு?"

"அவங்கவங்க வரியிலேயே எழுதணும். எழுதலைன்னா கட்டவே விடாது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பழைய பழக்கம், ஒரு தப்பைத் தேடுகிற முகம்.

"அது சரி," என்றார். பிறகு ரிமோட்டை அழுத்தினார். சுவரில் விளக்கு எரிந்தது. இரண்டாம் தடவை அழுத்தினார். எரிந்தது.

அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றாள். அங்கிருந்து கடை தெரிந்தது. மூன்றாவது தடவையும் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான், வந்த பேருந்தில் ஏறினாள்.